மூளையை ‘எழுப்ப’ வகுப்பு தேவையா? மனித மூளையால் மெய்யாகவே முடிவது என்ன?

கேள்வி சுருக்கமாக இது: “நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், மீதியை எழுப்பிவிட்டால் பிள்ளை ஒருமுறை படித்ததை மறக்கவே மாட்டான் என்று மன்னார்குடியில் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசித்துக் காட்டுகிறார்கள். என் மகன் பத்தாம் வகுப்பு. படிக்கிறான், மறந்துவிடுகிறான். சேர்க்கலாமா? பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன மாமனாரும் வீட்டில் இருக்கிறார். அந்த மூளை இனித் தேறுமா?”

சேர்க்க வேண்டாம். அந்தப் பணத்தில் பையனுக்கு ஒரு மேசை, நல்ல விளக்கு, தேவைப்பட்டால் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். ஏன் என்பதையும், மூளையால் மெய்யாகவே முடிவது என்ன என்பதையும் சொல்கிறேன். மாமனாரைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

மூளையின் எடை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்பது பங்கு வேலையில்லாமல் கிடக்கும் உறுப்புக்கு எந்த உடலும் இப்படித் தீனி போடாது. ஸ்கேனில் பார்த்தால் ஒரு நாளில் மூளையின் எல்லாப் பகுதியும் ஏதோ ஒரு நேரத்தில் வேலை செய்கிறது, தூக்கத்திலும்கூட. பட்டாணி அளவு இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றாலே ஒருவருக்குப் பேச்சு குழறுகிறது, இன்னொருவருக்குக் கை விழுந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்திருக்கிறீர்கள். ‘பயன்படாத 90 சதவீதம்’ என்று ஒன்று இருந்தால் மூளையில் பெரிய சேதம்கூடப் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே வந்து போயிருக்கும்.

கண்ணைக் கட்டி வாசிப்பதற்கு வருவோம். ‘நடுமூளையைத் தூண்டுகிறோம்’ என்பார்கள். நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்முனையில் சுமார் 2 செ.மீ. நீளமுள்ள ஒரு பகுதி. கண்ணை அசைப்பது, வெளிச்சத்துக்கேற்பக் கண்மணியைச் சுருக்குவது, விழிப்பைக் காப்பது, அசைவைச் சீர்ப்படுத்துவது ஆகியவை அதன் வேலை. பிறந்ததிலிருந்து அது ஓயாமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது நின்றுபோனால் பிள்ளை நினைவிழந்து கிடப்பான். துணியைக் கட்டினாலும் மூக்கின் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி ஒரு சந்து இருக்கும். பிள்ளைகள் அதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். சோதிப்பது சுலபம். புத்தகத்தை மடியில் வைக்காமல் நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அல்லது நீச்சல் கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத்தாள் ஒட்டி மாட்டிவிடுங்கள். அல்லது ஒரு சீட்டில் நாலு சொல் எழுதி எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடி, வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றிலுமே வாசிப்பு நின்றுவிடும். இதில் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். சந்து வழியாகத் தெரிவதைச் ‘சக்தி’ என்று பெரியவர்களே சொல்லிக்கொடுத்து, அம்மா அப்பா முகத்தில் சந்தோஷத்தையும் பார்த்தபின், ‘எனக்குத் தெரிந்தது, பார்த்துத்தான் படித்தேன்’ என்று பத்து வயதுப் பிள்ளையால் எப்படிச் சொல்ல முடியும்? பணம் போவதைவிட இதுதான் பெரிய கேடு. பெற்றவர்களிடமே பொய் சொல்லும் கட்டாயத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இனி மெய்யான திறன்கள்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அதில் சுமார் 6,900 கோடி, பிடரிக்கு உள்ளே இருக்கும் சிறுமூளையில் அடைந்திருக்கின்றன. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் அது. ஒவ்வொரு செல்லும் மற்ற செல்களோடு பல நூறு, பல ஆயிரம் இணைப்புகளை வைத்திருக்கிறது. அடிக்கடி சேர்ந்து வேலை செய்யும் செல்களின் இணைப்பு வலுக்கிறது, சேராதவற்றின் இணைப்பு நலிகிறது, சில இடங்களில் புது இணைப்பு முளைக்கிறது. கற்பது என்றால் உடலளவில் நடப்பது இதுதான். எந்த வேலையை வாங்குகிறோமோ அந்த வேலைக்கு ஏற்றபடி மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்த வேலைக்கு மட்டும். இந்தக் கடைசிச் சொற்களை நினைவில் வையுங்கள். பல விளம்பரங்கள் அங்கேதான் பொய்யாகின்றன.

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் நகரின் நடுவிலுள்ள சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வு எழுத வேண்டும். மூன்று நான்கு வருடம் பிடிக்கும். பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்தில் ஸ்கேன் செய்து, முடிவில் மறுபடி பார்த்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. தேறிய 39 பேருக்கு, இடமும் நினைவும் சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் பெருத்திருந்தது. தேறாதவர்களுக்கு அப்படி இல்லை. ஆரம்பத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு கிடையாது. பிறவியிலேயே பெரிய மூளையோடு வந்தவர்கள் ஜெயித்தார்கள் என்ற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது. அதே ஓட்டுநர்கள், ஒரு சிக்கலான கோட்டுருவத்தைப் பார்த்துப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். தெரு நினைவு வளர்ந்ததால் எல்லா நினைவும் வளர்ந்துவிடவில்லை.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவரை வைத்துச் செய்து 1980-ல் வெளிவந்த சோதனை இன்னும் தெளிவானது. தொடக்கத்தில் மற்றவர்களைப் போல அவராலும் 7 இலக்கங்களைத்தான் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடிந்தது. 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79 இலக்கம் சொன்னார். அவர் ஓட்டப் பந்தயக்காரர். 3492 என்று கேட்டால் ‘ஒரு மைல் ஓட்டம், 3 நிமிடம் 49.2 விநாடி’ என்று தனக்குத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். அவர் மனத்தில் இருக்கும் இடம் பெரிதாகவில்லை. ஒரு முடிச்சுக்குள் அடங்கும் சரக்குதான் கூடியிருந்தது.

இதைப் பார்க்க டெல்டாவில் ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். தவில் பாடம் நடக்கும் ஒரு திண்ணை போதும். பையன் முதலில் கருவியைத் தொடுவதில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தாளச் சொல்லை வாயால் சொல்கிறான். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 மாத்திரை (கால அளவு), ஆக ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, 32. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. அதை மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டுச் சொன்னால் 5+2+5+2+5, மொத்தம் 19. அடுத்த சுற்று தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழ வேண்டுமானால் 32-ல் 19 போக, 13 மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். அதாவது நான்காவதான நடுவிரல் எண்ணிக்கையில் ஒரு மாத்திரை விட்டு எடுப்பு. புதிதாகக் கற்பவன் இந்தப் பத்தொன்பதையும் தனித்தனியே பிடிக்கப் பார்க்கிறான். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டாமல் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு பொருள்தான் என்பதால் மூன்றாவது ததிங்கிணதொமுக்குள் தாளம் நழுவிவிடும். தேர்ந்தவருக்கு அந்த 19-ம் சேர்ந்து ஒரே பொருள். மிச்ச இடத்தில் நாகஸ்வரம் எங்கே போகிறது என்று கவனிக்க அவருக்குத் தாராளமாக முடிகிறது.

வாயில் வந்த சொல் கைக்கு இறங்கும்போது வேறொரு நினைவு வேலைக்கு வருகிறது. 1953-ல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு இருபக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். அதன்பின் சாகும்வரை எந்தப் புதுச் சம்பவமும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையப் பழக்கியபோது மூன்றே நாளில் கை தேறியது. மூன்றாம் நாளும் ‘இதை நான் செய்ததே இல்லை’ என்றுதான் சொன்னார். சம்பவ நினைவு ஓரிடத்தில், கைப்பழக்கம் வேறிடத்தில் என்பது அவரால் உலகத்துக்குத் தெரிந்தது. கைப்பழக்கத்தைச் சிறுமூளையும், பேசல் கேங்லியா என்ற உள்முடிச்சுகளும் பார்த்துக்கொள்கின்றன. விநாடியில் சிறு பங்கு பிசகினாலும் சிறுமூளை அதைப் பிடித்து அடுத்த அடியைத் திருத்துகிறது.

வாசித்துப் பழகும் சாதகத்தில் எங்கே கெடுகிறது என்றும் சொல்ல வேண்டும், பள்ளிப் படிப்புக்கும் அதுவே பொருந்தும். மெதுவான முதல் காலத்தில் சுத்தமாக வருவதற்கு முன்னால் இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்கு ஓடுவதுதான் கேடு. வேகத்தில் ஒரு விரல் தவறி விழுந்து, அதையே நூறு முறை வாசித்தால், நூறு முறை வாசித்த அந்தத் தவறுதான் பதியும். சரி எது, தப்பு எது என்று இணைப்புகளுக்குத் தெரியாது. எது திரும்பத் திரும்ப வருகிறதோ அது வலுக்கும். திருத்த வேண்டுமானால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தவறும் அந்த நாலு சொல்லை மட்டும் தனியாக எடுத்து, வாயால் சொல்லி, பிறகு கையால் பத்துத் தடவை பிசகாமல் வந்த பின்னரே முன்னும் பின்னும் இணைக்க வேண்டும். முழு உருப்படியை மறுபடி மறுபடி முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஆரம்பம் பிரமாதமாக இருக்கும், நடுவில் அதே இடத்தில் வருடக்கணக்கில் தட்டும்.

நினைவை ஆண்டுக்கணக்கில் கெடாமல் காப்பதற்கும் நம் பக்கத்தில் தேர்ந்த முறைகள் இருக்கின்றன. கும்பகோணம் பக்கத்து வேத பாடசாலைகளில் கன பாடம் சொல்பவர் மூன்று சொற்களை 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்ற வரிசையில் சொல்கிறார். அடுத்து இரண்டாம் சொல்லிலிருந்து அதே கோர்வை. ஒவ்வொரு சொல்லும் முன்னாலும் பின்னாலும் பல முறை மாட்டப்படுவதால் ஒன்று தவறினால் உடனே அடுத்ததில் இடிக்கும். தேவாரத்தில் சம்பந்தர் பதிகங்களைப் பாருங்கள். பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி காணாத அயனும் மாலும், பத்தில் சமணரும் பௌத்தரும், பதினொன்றில் பாடியவர் பெயரும் பயனும். பாட்டு மறந்து நிற்கும் ஓதுவாருக்கு ‘இது எத்தனையாவது?’ என்ற ஒரு கேள்வி போதும், பிடி கிடைத்துவிடும். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தில்லிப் பகுதியைச் சேர்ந்த 21 யஜுர்வேத பண்டிதர்களையும் மற்ற 21 பேரையும் ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். மொழிக்கும் நினைவுக்குமான பகுதிகளிலும் வலப்பக்க ஹிப்போகேம்பஸிலும் பண்டிதர்களுக்கு, நரம்பு செல்கள் செறிந்த சாம்பல் பொருள் கூடுதலாக இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த ஒப்பீடு என்பதால் ஓதியதால்தான் வந்தது என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. லண்டன் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் திசை தெரிகிறது.

ராமானுஜன் பெயர் இந்தப் பேச்சில் வராமல் போகாது. கும்பகோணத்தில் வளர்ந்த அவர் 1729 என்று கேட்டதும், இரண்டு வழிகளில் இரு கனங்களின் கூட்டலாக வரும் மிகச் சிறிய எண் அது என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும்: 1³+12³, 9³+10³. மின்னல் போல அந்த நொடியில் தோன்றியது என்று கதை சொல்வார்கள். அந்தச் சமன்பாடு பல வருடங்களுக்கு முன்பே அவர் குறிப்பேட்டில் இருந்தது. 1903-ல், பதினைந்து பதினாறு வயதில் கைக்கு வந்த ஒரு தேற்றத் தொகுப்பை வைத்துக்கொண்டு சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதி, ஆயிரக்கணக்கான முடிவுகளைத் தானே போட்டுப் பார்த்தவர் அவர். அதே காலத்தில் மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணம் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். இவ்வளவு பெரிய மூளையும் எதில் புழங்கியதோ அதில்தான் வளர்ந்தது. பிள்ளையை ‘எல்லாப் பாடத்திலும் ஏன் இல்லை?’ என்று குடையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் மகன் ஏன் மறக்கிறான்? பெரும்பாலும் மூளைக் குறையால் அல்ல. படித்ததை வெளியே எடுத்துப் பழகாததால். 1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும், ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், அதற்குமேல் இழப்பு மெதுவாகும். பொருள் புரிந்த பாடம் இவ்வளவு வேகமாகப் போகாது, ஆனால் வளைவின் போக்கு அதேதான். 2006-ல் வெளிவந்த சோதனை ஒன்றில் ஒரு கூட்டம் பாடத்தை இரண்டு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இரவு படித்து முடித்ததும் ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுவதும், தேர்வறையில் கை நிற்பதும் ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். இதயத்தின் அமைப்பு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25 முதல் 30 நிமிடம் புரிந்து படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் படத்தை வரைந்து, அறைகள், வால்வுகள், ரத்தம் போகும் வழி எல்லாவற்றையும் நினைவிலிருந்து குறிக்கட்டும். பத்து நிமிடம். வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது; ஒரு நிமிடமாவது முக்கி முனகி யோசிக்கட்டும். அந்தத் தவிப்புதான் இணைப்பை வலுவாக்குகிறது, ஆனால் பிள்ளைகள் அதையே ‘எனக்கு வரவில்லை’ என்று எடுத்துக்கொண்டு புத்தகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் எழுதட்டும். மறுநாள் புதுத்தாளில் மறுபடி, ஐந்து நிமிடம். பிறகு நாலைந்தாம் நாள், பத்துப் பன்னிரண்டாம் நாள், மூன்று வாரம் கழித்து ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு மை குறைகிறதா என்று பாருங்கள். குறையாத பாடத்துக்கு மட்டும் இடைவெளியைச் சுருக்கினால் போதும். ஒரே நாளில் ஐந்து முறை எழுதுவதைவிட ஐந்து நாளில் ஐந்து முறை எழுதுவது நெடுநாள் நிற்கும், செலவாகும் நேரம் ஒன்றுதான்.

கணக்குக்கு வேறு வழி. ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாக இருபது போட்டால் பதினைந்தாவதில் மூளை யோசிப்பதை நிறுத்திவிடும், கை மட்டும் ஓடும். மூன்று பாடத்திலிருந்து கலந்து பத்துக் கணக்கு கொடுங்கள். எந்த வழியில் போடுவது என்று தேர்வு செய்வதே பாதிக் கணக்கு, தேர்வில் அதைத்தான் கேட்கிறார்கள். வரலாற்றுக்குச் சம்பந்தர் பதிகத்தின் வழியை எடுத்துக்கொள்ளலாம். எந்த நிகழ்வானாலும் காரணம், ஆள், ஆண்டு, நடந்தது, விளைவு என்று ஒரே வரிசையில் பையன் பழக்கிக்கொண்டால், விட்டுப்போனது எது என்று அவனுக்கே தெரியும். மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும், விடைக் கையேட்டைப் பார்த்துப் பார்த்துப் படியெடுப்பதும் வேலை செய்த திருப்தியைத் தரும், நினைவைத் தராது.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். இதில் நம் ஊர்ப் பெற்றோர் மேல் எனக்கு வருத்தமே உண்டு. பகலில் ஹிப்போகேம்பஸ் பிடித்து வைத்ததை ஆழ்ந்த தூக்கத்தில் மூளை மறுபடி ஓட்டிப் பார்த்து, தன் மேலடுக்கான புறணியில் நிலைப்படுத்துகிறது. 2002-ல் வந்த ஓர் ஆய்வில் விரல்களை ஒரு வரிசையில் தட்டப் பழகியவர்கள், இடையில் பயிற்சியே இல்லாமல், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். பகல் முழுக்க விழித்திருந்து சோதித்தபோது அந்த முன்னேற்றம் வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷன் முடிந்து பத்தரைக்கு வந்து, சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்து, நாலு மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். அந்த அதிகாலைப் படிப்பு பகல் வகுப்பில் தூங்கி வழிவதில் போய்விடும். நாலரைக்கு எழுந்தே ஆக வேண்டுமென்றால் எட்டரைக்குப் படுக்கட்டும்.

ஃபோன் பக்கத்தில் இருக்கக் கூடாது. கவனம் இரண்டாகப் பிரிவதில்லை, மாறி மாறித் தாவுகிறது. தாவும் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைப் பிடிக்க நேரம் போகிறது. வல்லாரை நல்ல கீரை, துவையல் அரையுங்கள், ஆனால் மதிப்பெண்ணை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ரத்தசோகை இருந்தால் கவனம் நிற்காது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பையன் விழுங்குகிறானா, பைக்குள் போடுகிறானா என்று பாருங்கள். கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்குக் கிட்டப்பார்வை மட்டும்தான் குறை.

இனி உங்கள் மாமனார். செத்துப்போன நரம்பு செல் திரும்பாது. ஆனால் அதன் வேலையைச் சுற்றியுள்ள பகுதிகளும், சில நேரம் எதிர்ப்பக்கமும் எடுத்துக்கொள்ள முடியும். பார்வையில்லாதவர்கள் பிரெய்லி தொட்டு வாசிக்கும்போது பார்வைக்கான புறணியே வேலை செய்வதை 1996-ல் ஸ்கேனில் கண்டார்கள். மூளை அவ்வளவு தூரம் இடம் மாற்றிக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன்பின் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. வெறுமனே கையை நீவிவிடுவதும் எண்ணெய் தேய்ப்பதும் போதாது. புறா ரத்தம் தேய்ப்பதால் ஒன்றும் வராது. அவரே அசைக்க முயல வேண்டும், அதுவும் நிஜ வேலையாக: டம்ளரை எட்டிப் பிடிப்பது, சோற்றைப் பிசைவது, துண்டை மடிப்பது, வெற்றிலையில் காம்பு கிள்ளுவது. ஒரு வேலையைப் பத்து முறை செய்து நிறுத்தினால் போதாது. களைப்புக்கு ஏற்ப இடைவெளி விட்டு நாளில் நூறு இருநூறு முறை வரை போக வேண்டும்.

மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தால், நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி விழுந்த கையையே பயன்படுத்த வைக்கும் இரண்டு வாரப் பயிற்சி பலன் தருவதாக 2006-ல் 222 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள். நடை தள்ளாடுபவருக்கு நல்ல கையைக் கட்டிவிட்டால் விழுந்துவிடுவார். கை அசையவே இல்லையென்றால் கண்ணாடி முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் இதைக் கண்டுபிடித்தார். ஒன்றரை அடிக் கண்ணாடியை அவர் மார்புக்கு நேரே, இரண்டு கைகளுக்கும் நடுவில், பிம்பம் தெரியும் பக்கம் நல்ல கையைப் பார்த்திருக்கும்படி செங்குத்தாக மேசையில் நிறுத்துங்கள். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியை மட்டும் பார்க்கட்டும், விழுந்த கையையும் அசைக்க முயலட்டும். தினம் அரை மணி நேரம், இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். மோதிரம், கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிம்பம் தன் கைதான் என்று மூளை நம்ப வேண்டும்.

பேச்சும் குழறுகிறது என்றால் ஒன்று செய்து பாருங்கள். பேச முடியாத பலருக்குப் பழகிய பாட்டு வரும். கோயிலில் கேட்டுப் பழகிய பதிகத்தின் முதலடியைச் சேர்ந்து பாடத் தொடங்கினால் சொற்கள் வந்து விழுவதைப் பார்க்கலாம். அந்த ராகத்திலேயே ‘தண்ணி வேணும்’, ‘கால் வலிக்குது’ என்று சிறு தொடர்களை, கையால் தட்டிக்கொண்டே சொல்லப் பழக்குங்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி, பிறகு வலியால் பயிற்சியே நின்றுவிடும். தூக்கும்போது இடுப்பிலும் முதுகிலும் பிடியுங்கள். படுக்கையில் அந்தக் கைக்கு அடியில் தலையணை வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும், ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உடம்பு தேவலை என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இரண்டாவது பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

அப்படி மறுபடி முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ சோடா, கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு நேரே கொண்டுபோங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் கண்ட நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அதை ஒரு தாளில் எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு கையில் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.